வளர்ந்து முடியாத வேர்

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைய தவறு: டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் எக்ஸ்-ரேயைப் பார்த்து நானாக ஒன்றைச் சொன்னேன். சொன்னதும் தப்பு.

நாட்குறிப்பின் முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. இது எங்கள் மாலை வகுப்பு சாரின் ஏற்பாடு. பகலில் பல் மருத்துவமனைகளில் உதவியாளராக இருந்துகொண்டு, அதே வேலையை மாலையில் முறையாகப் படிப்பவர்கள் நாங்கள். என் பக்கத்து இருக்கைக்காரி தினமும் "தாமதமாக வந்தேன்" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். எனக்கு ஒரு வரியில் அடங்குவதில்லை. முழுவதும் எழுதினால்தான் சோறு இறங்கும்.

அக்காவின் மகளுக்கு எட்டு வயது. போன வருடம் மேல்வரிசையில் முளைத்த இரண்டு முன்பற்களும் அவள் முகத்துக்குக் கொஞ்சம் பெரியவை. அதனால் மாமா, அவள் அப்பா, அவளுக்கு அணில் என்று பெயர் வைத்தார். இப்போது பள்ளியில் ஆசிரியைகூட அப்படித்தான் கூப்பிடுகிறாராம். இன்று இடைவேளையில் அணில் குனிந்து குழாயில் தண்ணீர் குடிக்க, பின்னால் நின்ற யாரோ முண்டியடிக்க, வாய் குழாயில் மோதிவிட்டது. உதடு வீங்கி, இடது முன்பல்லின் ஓரம் துளி உடைந்து, பல் லேசாக ஆடியது. அக்கா அவள் வாயை ஒரு துண்டால் பொத்தி எங்கள் மருத்துவமனைக்கே தூக்கி வந்தாள்.

டாக்டர் உள் அறையில் வேறொருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். "படம் எடுத்து வை, வந்துடறேன்" என்றார். அணிலை நாற்காலியில் உட்கார வைத்து ஈயக் கவசத்தைப் போர்த்தினேன்.

"யானை மேல உக்காந்த மாதிரி இருக்கு, சித்தி."

"யானை உன் மேல உக்காந்த மாதிரின்னு சொல்லு."

சிரிக்கப் போய் உதடு வலித்து முறைத்தாள். படம் திரையில் வந்தது.

பெரியவர்களின் பல்வேர் பென்சில் சீவியதுபோலக் கூர்மையாக முடியும். இது முடியவே இல்லை. முனை இல்லாத புனல்போல அகலமாகத் திறந்திருந்தது. அந்த வாயில் ஒரு கறுப்புத் திட்டு வேறு. போன வாரம்தான் வகுப்பில் வேர் முனையில் சீழ் கோத்த படம் காட்டினார்கள். அதிலும் கறுப்புத் திட்டு இருந்தது. இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "என்னடி தெரியுது? உன் மூஞ்சியே சரியில்ல."

"வேர் முனை கரைஞ்சிருக்கு போலக்கா. கறுப்பா வேற இருக்கு."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கவசத்துக்கு மேலே இரண்டு காதுகள் திறந்தே இருந்தன என்பதை யோசிக்கவில்லை.

டாக்டர் வந்தார். அணிலை வாய் கொப்பளித்துவிட்டு வெளியே மீன் தொட்டியைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். பிறகு திரைக்கு முன்னால் நின்றார். நான் சொன்னதை அக்கா ஒப்பித்தாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திரையில் வலது பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இது அடிபடலையே. இதோட வேர் முனை எப்படி இருக்கு?"

அதுவும் திறந்துதான் இருந்தது. அதிலும் அதே கறுப்புத் திட்டு. அடிபடாத பல்லை நான் பார்க்கவே இல்லை.

நிரந்தரப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும்போது அதன் வேர் முழுதாக இருக்காது. வெளியே வந்து கடிக்கத் தொடங்கிய பிறகுதான் மீதி வேர் உள்ளே வளர்கிறது. முனை மூட மூன்று வருடம்போல ஆகும். கறுப்பாகத் தெரிவது சீழ் அல்ல, வேரை வளர்க்கும் மென்மையான சதை. பாடத்தில் இதைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அடிபட்ட பல்லின் உள்ளே இருக்கும் உயிர்ச்சதை பிழைத்தால், அது தன் வேரைத் தானே கட்டி முடித்துக்கொள்ளும். செத்துப்போனால் வேர் இப்படியே நின்றுவிடும். சுவர் மெல்லியது, என்றைக்காவது ஒரு ஆப்பிளைக் கடிக்கும்போது முறிந்துவிடலாம். பிழைத்ததா என்று உடனே சொல்லவும் முடியாது. குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தால் வளரும் பற்கள் சரியாகப் பதில் சொல்வதில்லையாம். மென்மையானதாகச் சாப்பிடட்டும், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம், ஆட்டம் அதற்குள் நின்றுவிடும் என்றார் டாக்டர்.

"பேசாம எடுத்துட்டா?" என்றாள் அக்கா.

"இதுக்கப்புறம் அந்த இடத்துல வேற பல்லு வராதும்மா."

மாலையில் அக்காவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். அவள் நம்பவில்லை.

"முதல்ல மனசுல பட்டதைத்தானே சொன்ன? அப்புறம் டாக்டர் சொன்னதும் ஜால்ரா போடற."

என் வாழ்க்கையில் ஒருவர் என் பேச்சை இவ்வளவு நம்பியது இதுதான் முதல் முறை. அதுவும் தப்பான பேச்சை.

நாளை: வேர் வளர்ச்சிப் பாடத்தை முதல் வரியிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.


பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய தவறு: அக்கா வீட்டில் சாப்பிடும்போது மாமாவிடம் வாதாடப் போனேன்.

மாமா பேருந்து ஓட்டுநர். எந்த விஷயத்தையும் பேருந்துக்குள் ஏற்றிவிடுவார்.

"பிரேக் சந்தேகமா இருந்தா வண்டியை ஷெட்டுல விடுவோம். ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டோம். எடுத்துட்டு நல்லதா ஒண்ணு வெச்சுடலாம்."

"வளர்ற வயசுல நிரந்தரமா எதுவும் வெக்க முடியாது மாமா. தாடையே இன்னும் வளரணும். உசுரோட இருக்குற பல்லு மாதிரி எதுவும் வராது."

"உசுரோட இருக்குன்னு யாரு சொன்னா?"

"இன்னும் யாரும் சொல்லல."

"வேர் போச்சுன்னு யாரு சொன்னா?"

அதைச் சொன்னவள் நான்தான். அக்கா தட்டுகளை எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டு வாரம் பொறுப்பது, அதற்குள் ஆட்டம் நிற்கவில்லை என்றால் எடுத்துவிடுவது. அவர் பணிமனைக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவர் யோசிக்காமல் எடுத்துத் தருவாராம். அதை மாமா பாராட்டாகச் சொன்னார்.

அணில் மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்பவள் இன்று ஒன்றும் பேசவில்லை. மூடிய உதட்டுக்குள் ஏதோ அசைந்துகொண்டே இருந்தது. உதட்டுக் காயம் உறுத்துகிறது என்று நினைத்தேன்.

நாளை: வகுப்புக்கு மெழுகுக் கட்டியும் செதுக்கும் கத்தியும் எடுத்துப் போக வேண்டும்.


பிப்ரவரி 20, வியாழன்

இன்றைய தவறு: நல்ல செய்திதான் வரும் என்று முன்கூட்டியே முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

டாக்டர் இரண்டு கருவிகளின் பிடியால் பல்லை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்த்தார். இன்னொரு முறை அசைத்தார். "குறையணுமே. கூடியிருக்கு" என்றார்.

புதிய படம் எடுத்தோம். வேர் முறியவில்லை. சீழ் பிடித்தால் வரும் கொப்புளம் ஈறில் இல்லை, நிறமும் மாறவில்லை. ஆட்டத்துக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. வீட்டில் கடினமாக எதையாவது கடித்தாளா என்று டாக்டர் கேட்டார். "தண்ணியைக்கூட மென்னு குடிக்கறா" என்றாள் அக்கா. நாளை காலையில் வந்தால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டிவிடலாம், இரண்டு வாரம் அசையாமல் இருந்தால் பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். கூட வந்திருந்த மாமா "யோசிச்சு சொல்றோம்" என்றார். மாமா யோசிக்கிறேன் என்றால் யோசித்து முடித்துவிட்டார் என்று பொருள். வராந்தாவில் அக்காவிடம் சனிக்கிழமை எடுத்துவிடலாம் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நான் அணிலின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சிறு கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தேன். நாக்கு நுனி அந்தப் பல்லின் பின்பக்கம் போய் நின்றது. முன்னால் தள்ளியது, விட்டது, மறுபடி தள்ளியது. வேலைக்குப் பழகியவர்களின் சீரான வேகம். பல்லின் பின்னால் ஈறு சிவந்து, நாக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.

உடனே சொல்லத் தோன்றியது. இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். வகுப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவர்களோடு வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் அணிலை மட்டும் நிறுத்திப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"நாக்கை எங்க வெச்சிருக்க?"

"வாயிலதான்."

"வாயில எங்க?"

செருப்பு வாரைக் கழற்றினாள், மாட்டினாள்.

"அந்தப் பல்லை ஏன் ஆட்டற, அணிலு?"

"ஆட்டினாத்தானே விழும்? விழுந்தாத்தானே புதுசு வரும்? நீதானே சொன்ன!"

நான்தான் சொன்னேன். போன வருடம் அவளுக்குப் பால் பற்கள் விழத் தொடங்கி, ரத்தத்தைப் பார்த்து அழுதபோது சொன்னது. பால் பல்லின் வேர் தானாகக் கரைந்துபோகும், அதனால்தான் ஆடுகிறது, நாக்கால் மெல்ல மெல்லத் தள்ளினால் வலிக்காமல் விழும், அடியில் புதுசு காத்துக்கொண்டிருக்கும். அன்று நன்றாகச் சொன்னதாக எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதே சித்திதான் இந்த மாதம் அவள் தலைக்கு மேல் நின்று "வேர் கரைஞ்சிருக்கு" என்றாள். டாக்டர் சொன்னதெல்லாம் அவள் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னது.

"அப்பா பிடுங்கிடலாம்னு சொன்னாங்க. பிடுங்கினா வலிக்கும்ல. அதான் நானே மெதுவா பண்றேன்." என் பக்கம் திரும்பி, ரகசியம்போல, "கிட்டத்தட்ட முடிச்சிட்டேன், சித்தி" என்றாள்.

தோளில் இருந்த பையைத் திறந்தேன்.

பையில் வகுப்பில் செதுக்கிய மெழுகுப் பல் இருந்தது. மேல் முன்பல். நான் எப்போதும் மேல்பகுதியைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, வேருக்கு வரும்போது மெழுகு போதாமல் மொட்டையாக விட்டுவிடுவேன். நுனியைச் சரிசெய்யப் போய்க் கத்தி உள்ளே இறங்கி அங்கே ஒரு குழி வேறு. "முனையை மறந்துட்டியா, இல்ல இது எட்டு வயசுப் பல்லா?" என்று சார் கேட்டு வகுப்பே சிரித்தது. அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது உன் பல்லு. இவ்வளவுதான் வெளிய தெரியும். மீதியெல்லாம் உள்ள இருக்கு."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழிக்குள் பார்த்தாள். "ஓட்டையா இருக்கு. கரைஞ்சிடுச்சா?"

"கரையல. சித்தி தப்பா சொல்லிட்டேன். இது இன்னும் கட்டி முடிக்காத வேர். அதோ பாரு."

எதிர்வீட்டில் இரண்டாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் மேல் நின்று ஒருவர் கல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மாதிரி உள்ள வேலை நடக்குது. ஆளுங்க உள்ளேயிருந்து சுவர் கட்டறாங்க. கடைசியில வாசலை மூடிடுவாங்க."

அணில் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஆட்டினா சாரமும் ஆடுமா?"

"ஆடும்."

"இது விழுந்தா புதுசு?"

"வராது. பால் பல்லுக்கு மட்டும்தான் அடியில இன்னொண்ணு காத்திருக்கும். இதான் கடைசி."

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது. "நான் ஸ்கூல்லகூட ஆட்டினேன் சித்தி. தூங்கறப்பகூட ஆட்டினேன்."

"நான் சொன்னதைத்தானே செஞ்ச. ரொம்ப ஒழுங்கா செஞ்சிருக்க. சொன்னவதான் மக்கு."

பின்னால் கதவு திறந்திருந்தது. அக்கா எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. "சித்தியையும் பொண்ணையும் ஒரே நாற்காலியில கட்டிப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே வந்து அணிலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புடவைத் தலைப்பால் மகளின் மூக்கைத் துடைத்த பிறகு, அதே தலைப்பால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மாமாவும் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "அப்போ இந்த ஆட்டம் அடிபட்டதால இல்லையா?"

"அடியால கொஞ்சம் மாமா. மீதியெல்லாம் உங்க பொண்ணோட உழைப்பு."

மாமா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. படியில் உட்கார்ந்து மகளின் தலையில் கை வைத்தார். "அப்பா பிடுங்குவேன்னு பயந்தியா?" அவள் தலையாட்டினாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி, கம்பி போடட்டும்" என்றார். "ஆனா ஈறுல ஒரு கொப்புளம் வந்துச்சு, அப்புறம் உன் பேச்சையும் கேக்க மாட்டேன், டாக்டர் பேச்சையும் கேக்க மாட்டேன்."

நாளை: காலையில் கம்பியும் ஒட்டுப்பசையும் எடுத்து வைக்க வேண்டும். நடந்ததை முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.


பிப்ரவரி 21, வெள்ளி

இன்றைய தவறு: பதில் தெரியாத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இனிமே அவ காதுக்கும் கவசம் போட்டுடு" என்றார். கம்பி ஒட்டியாயிற்று. அணில் அசையாமல் ஒத்துழைத்தாள். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்ப நாக்கை எங்க வெக்கறது?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு" என்றேன். பிறகு நானே முயன்று பார்த்தேன். நினைக்காதவரை நாக்குக்கு இடம் இருக்கிறது. நினைத்துவிட்டால் எங்கே வைத்தாலும் இடிக்கிறது. மாலையில் அக்கா தொலைபேசியில் கத்தினாள். வீட்டில் மூன்று பேரும் நாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். மாமா வேலைக்குக் கிளம்பும்போது, "பிரயாணிங்க ஏதாவது கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது, பாத்துக்க" என்றாராம்.

மெழுகுப் பல்லை அணில் திருப்பித் தரவில்லை.

நாளை: சாரிடம் புதிய மெழுகுக் கட்டி கேட்க வேண்டும். பழையது என்ன ஆயிற்று என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.


மார்ச் 7, வெள்ளி

இன்றைய தவறு: தாமதமாக வந்தேன். (பக்கத்து இருக்கைக்காரியின் வரி. இன்று எனக்கும் பொருந்தியது.)

கம்பியை எடுத்தோம். பல் அசையவில்லை. உயிர் இருக்கிறதா என்பது மட்டும் இன்னும் தெரியாது. மே மாதம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றும் முன் மாமா மகளை விளக்குக்குக் கீழே நிறுத்தி உதட்டைத் தூக்கிக் காட்டுகிறார். நானும் குனிந்து பார்க்கிறேன். கொப்புளம் இல்லை. நிறம் கொஞ்சம் மங்கலாக எனக்குத் தோன்றுகிறது, ஆனால் என் கண்ணை நான் நம்புவதில்லை. சொல்லவும் இல்லை.

நாளை: ஒன்றும் விசேஷமில்லை. கருவிகளைக் கிருமிநீக்கும் கலனில் அடுக்க வேண்டும்.


மே 15, வியாழன்

இன்றைய தவறு: மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற மறந்தேன். காலையிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அணில் நாற்காலியில் ஏறியதும் கவசத்தைத் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "யானைக்குட்டி மாதிரிதான் இருக்கு இப்ப" என்றாள். படம் எடுத்தேன். திரையில் வந்தது. பார்த்தேன்.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

"டாக்டர் வரட்டும்க்கா."

"அன்னிக்கு மட்டும் உன் வாய் தெருக்கோடி வரைக்கும் ஓடுச்சு. இன்னிக்கு என்ன, பூட்டுப் போட்டுட்டியா?" பேச்சில் கிண்டல் இருந்தது. ஆனால் அவள் கை என் முழங்கையில்தான் இருந்தது, அன்றுபோலவே.

டாக்டர் வந்து, பிப்ரவரிப் படத்தையும் இன்றைய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து நின்று, "நீ சொல்லு" என்றார்.

முதலில் வலது பல்லைப் பார்த்தேன், அடிபடாததை. புனலின் வாய் முன்னைவிடக் குறுகியிருந்தது. வேர்ச் சுவரின் வெள்ளைக் கோடு தடித்திருந்தது. பிறகு இடது பல்லுக்குப் போனேன். சரிபார்க்க மறுபடி வலதுக்கு வந்தேன். மறுபடி இடது.

"ரெண்டும் ஒரே அளவு வளர்ந்திருக்கு" என்றேன். என் குரல் எனக்கே சன்னமாகக் கேட்டது. "வாய் குறுகியிருக்கு. சுவர் தடிச்சிருக்கு. இடதும், வலது மாதிரியே."

"வளர்ந்திருக்குன்னா?" என்றாள் அக்கா.

"உள்ள உயிர் இருக்கு. செத்த பல்லு வேர் வளர்க்காது." இதை டாக்டர் சொன்னார். "முழுசா மூட இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருக்கணும். ஆனா இது வரைக்கும் நல்லாத்தான் போகுது."

அக்கா திரைக்கு வெகு அருகில் போய் நின்றாள். கறுப்புத் திட்டின் மேல் விரலை வைத்தாள். "அப்போ இது?"

"அதுதான் வேர் வளர்ற இடம்க்கா."

அவள் விரலை உடனே எடுக்கவில்லை. அழுத்தினால் வலிக்கும் என்பதுபோல மெதுவாக வைத்திருந்தாள்.

மாமா பணியில் இருந்தார். கடைசி நிறுத்தத்தில் இருந்து அழைத்தார். அக்கா தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "பிரேக் பிடிக்குது மாமா" என்றேன். "சரி சரி, வண்டியை எடுக்கணும்" என்று வைத்துவிட்டார்.

அணில் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பள்ளிப்பையிலிருந்து பென்சில் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே என் மெழுகுப் பல், பஞ்சில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு பச்சை நிறக் களிமண் உருண்டை. திரையைப் பார்த்து, "எவ்வளவு வளர்ந்திருக்கு? காட்டு" என்றாள். விரல்நுனியில் மிளகளவு காட்டினேன். அந்த அளவுக்குக் களிமண்ணைக் கிள்ளி, மொட்டை வேரின் விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். குழியை மட்டும் மூடவில்லை.

"வாசலையும் மூடிடேன்" என்றேன்.

"இப்பவே மூடினா ஆளுங்க எப்படி உள்ள வேலை செய்வாங்க?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள், எல்லாவற்றையும் இவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்பதுபோல.

டாக்டர் பலமாகச் சிரித்தார். நான் அந்தப் பல்லை வாங்கிப் பார்த்தேன். பச்சை விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

நாளை: முதல் வேலையாக மீன் தொட்டித் தண்ணீரை மாற்றுவது. பிறகு அணிலின் அடுத்த வருகையை நவம்பரில் குறித்து, அக்காவிடம் நாள் சொல்வது.